சாயமும் துவர்ப்பும்: பழவேற்காட்டுத் துணியிலிருந்து மூளையின் காவற்செல்கள் வரை

மூளையின் வளர்ச்சியில் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு உள்ள பங்கு, மருத்துவ வரலாற்றின் ஒரு கிளையாகவே வழக்கமாக எழுதப்படுகிறது. ஆனால் அந்த அறிவு பிறந்த விதத்தைக் கூர்ந்து நோக்கினால், அது சாயத்தொழிலின் நீண்ட வரலாற்றிலும் ஓர் அத்தியாயம் என்பது புலப்படும். மூளைத் திசு வெளிறியது, மென்மையானது. அதை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாலும், சாயம் ஏறாதவரை அதில் எந்தச் செல்லும் தனித்துத் தெரிவதில்லை. அந்தச் சாயங்களும், சாயத்தைப் பற்றவைக்கும் படிகாரமும், துவர்ப்புச் சத்தும் ஆய்வுக்கூடத்தில் தோன்றியவை அல்ல; பல நூற்றாண்டுகளாகப் பருத்தித் துணியையும் தோலையும் மீன்வலையையும் பதப்படுத்திய கைகளிலிருந்தே அவை ஆய்வுக்கூடத்துக்குச் சென்றன. அத்தகைய கைத்தொழில் செழித்த ஊர்களுள் ஒன்று, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஏரியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இன்று மீனவர் குப்பங்களாகப் பரந்து கிடக்கும் பழவேற்காடு.

பழவேற்காட்டு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் கொண்டுவரும் நன்னீரும், முகத்துவாரம் வழியே ஏறிவரும் கடல்நீரும் கலக்கும் இந்த நீர்ப்பரப்பின் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்திருக்கின்றன. கிழக்கே ஸ்ரீஹரிக்கோட்டா என்னும் நீண்ட மணல்தீவு அதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. அலையடிக்கும் சோழமண்டலக் கரையில் கப்பல்களுக்குக் கிடைத்த அரிய ஒதுங்கிடங்களுள் இது ஒன்றாக இருந்ததால், விஜயநகர அரசின் காலத்திலேயே இங்கிருந்து மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் துணி சென்றது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கரைகளைப் பற்றி எழுதிய போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசா, இந்த ஊரின் வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகளுக்கு அந்நாடுகளில் இருந்த மதிப்பைக் குறித்து வைத்திருக்கிறார்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு வந்ததும் அந்தத் துணிக்காகவே. வேங்கடபதி ராயரின் ஆட்சியில், 1610-இல், பண்டகசாலை அமைக்க அதற்கு அனுமதி கிடைத்தது. சாந்தோமிலிருந்த போர்ச்சுகீசியர் 1612-இல் அதைத் தாக்கி அழித்தபின், 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையின் டச்சு ஆட்சி பெரும்பாலும் இந்தக் கோட்டையிலிருந்தே நடைபெற்றது. கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த மொலுக்கத் தீவுகளில் மக்கள் வெள்ளிக் காசைவிடத் துணியையே விரும்பி வாங்கினார்கள். ஆகவே இந்தக் கரையின் துணி இல்லாமல் அந்தத் தீவுகளின் வாசனைப் பொருள் வணிகம் நடக்காது என்பதைக் கம்பெனி அதிகாரிகள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள். இதே துறைமுகம் வழியாக, பஞ்சத்தில் விற்கப்பட்ட ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். துணியின் அழகைப் பேசும் வரலாற்று நூல்கள் பல, அதே கப்பல்களில் ஏற்றப்பட்ட மனிதர்களை ஓரிரு வரிகளில் கடந்து செல்வது நியாயமாகாது.

அந்தத் துணியின் சிவப்பு, சாயவேர் என்றும் இம்பூரல் என்றும் அழைக்கப்படும் சிறு செடியின் வேரிலிருந்து கிடைத்தது. கடலோர மணற்பாங்கான நிலத்தில் தானாகவும் வளர்ந்து, பயிராகவும் வளர்க்கப்பட்ட இந்தச் செடியின் வேர்ப்பட்டையில் அலிசரின் என்னும் நிறப்பொருள் உண்டு. ஆனால் அலிசரின் பருத்தியில் தானாக ஒட்டாது. வெறும் துணியை வேர்க்கஷாயத்தில் கொதிக்கவைத்தால் ஏறும் மங்கல் நிறம் அடுத்த வெளுப்பிலேயே போய்விடும். நூலுக்கும் நிறத்துக்கும் நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ளும் மூன்றாவது பொருள் ஒன்று வேண்டும். சாய நூல்களில் நிறவூன்றி எனப்படும் அந்தப் பொருளாகப் படிகாரமே பெரிதும் பயன்பட்டது.

இந்த வேலையின் நுணுக்கத்தை, புதுச்சேரிப் பகுதியில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி கேர்து 1742-இல் எழுதிய கடிதம் படிப்படியாக விவரிக்கிறது. சாணமும் வெயிலும் கொண்டு அரைகுறையாக வெளுத்த துணியை, கடுக்காய்த் தூள் கரைத்த எருமைப்பாலில் ஊறவைத்துப் பிழிந்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலில் தங்கிப் பின்னால் வரும் படிகாரத்தையும் இரும்பையும் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்போ, கலம் என்னும் எழுதுகோலால் வரையும் கோடு துணியில் பரவிவிடாமல் தடுக்கும். கறுப்புக் கோட்டுக்கு, புளித்த நீரில் இரும்புத் துண்டுகளை ஊறவைத்து எடுத்த சாறு பயன்பட்டது. அது கடுக்காய் ஏறிய துணியைத் தொட்ட நொடியில் கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீரால் வரைய வேண்டும். அந்த நீர் நிறமற்றது என்பதால், வரைபவரின் கண்ணுக்குத் தெரிவதற்காகவே அதில் பதிமுகக் கட்டைத் தூளைச் சிறிது கலந்தார்கள். அதன்பின் துணி முழுவதையும் சாயவேரோடு கொதிக்கவைத்து, மறுபடி சாணத்திலும் வெயிலிலும் வெளுத்தால், படிகாரம் பட்ட இடங்களில் மட்டும் சிவப்பு நிலைத்து நிற்கும், மற்ற இடங்கள் வெண்மையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை முதலில் வரைந்து, பிறகு அது தன்னைத்தானே காட்டிக்கொள்ளும்படி செய்யும் இந்த முறைதான், பின்னாளில் திசுவியலுக்கும் அடிப்படையாயிற்று.

துணிக்காரரின் கடுக்காய்க்கு வரலாற்று நூல்களில் இடம் கிடைத்திருக்கிறது. மீனவரின் பட்டைக் கஷாயத்துக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. நைலான் நூல் 1950-களுக்குப் பின் பரவும்வரை, சோழமண்டலக் கரையின் வலைகள் பருத்தியாலும் சணப்பு நாராலும் பின்னப்பட்டவை. இந்த நார்கள் நீரில் ஊறிக் கிடந்தால், அவற்றிலுள்ள செல்லுலோசைத் தின்னும் நுண்ணுயிர்கள் சில வாரங்களிலேயே வலையை இற்றுப்போகச் செய்துவிடும். வெதுவெதுப்பான, சேறு கலந்த ஏரி நீரில் இந்தச் சேதம் இன்னும் விரைவாக நிகழும். அதைத் தடுக்க, துவர்ப்புள்ள மரப்பட்டைகளையோ புளியங்கொட்டையையோ பெரிய பானைகளில் காய்ச்சி, அந்தக் கஷாயத்தில் வலைகளை ஊறவைத்து உலர்த்துவது கரையெங்கும் வழக்கமாக இருந்தது. அலை அலசி அலசித் துவர்ப்பு வெளியேறிவிடும் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. வலையின் ஆயுள் இந்த உழைப்பின் அளவைப் பொறுத்தே அமைந்தது.

பழவேற்காட்டுக் குப்பங்களில் வலைக்கு இருந்த மதிப்பை, அங்குள்ள பாடு முறையைக் கொண்டும் அறியலாம். இறால் மிகுந்து கிடைக்கும் ஏரிப் பகுதிகளைப் பாடு என்று பிரித்து, அதில் வலை வைக்கும் உரிமையைக் குடும்பத் தலைக்கட்டுகளுக்குள் முறைவைத்துச் சுழற்றும் இந்த ஏற்பாட்டை, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தினர் தலைமுறைகளாகக் காத்துவந்திருக்கிறார்கள். ஒருவருக்குரிய முறை நாளில் அவருடைய வலை அறுந்து கிடந்தால் அந்த நாள் அவருக்கு இழப்பு; அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இத்தகைய வாழ்க்கையில் பட்டைக் கஷாயப் பானை வீட்டு அடுப்பைப் போலவே அவசியமானதாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

துவர்ப்புச் சத்து, அதாவது வேதியியல் நூல்கள் டானின் என்று குறிப்பிடும் பொருள், புரதங்களோடும் உலோக உப்புகளோடும் இறுகப் பிணையும் தன்மை உடையது. தோல் பதமாவதும், வாய் துவர்ப்பதும், கடுக்காய்த் துணி இரும்பு நீரில் கறுப்பதும் இதே தன்மையின் வெவ்வேறு விளைவுகள். தூய டானின் அமிலம் பெரும்பாலும் எடுக்கப்படும் மூலப்பொருள்களுள் ஒன்று, ஓக் மரக் கிளைகளில் பூச்சி துளைத்ததால் உண்டாகும் உருண்டைக் கழலை. தமிழ் நாட்டு மருந்துக் கடைகளில் அது மாசிக்காய் என்று விற்கப்படுகிறது, பச்சிளங் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலில் இழைத்துக் கொடுக்கும் உரைமருந்தில் கடுக்காயோடு அதுவும் இடம்பெறுகிறது.

நுண்ணோக்கியின் வரலாற்றிலும் துணிக்கடைக்கு ஓர் இடம் உண்டு. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான அந்தோனி வான் லேவன்ஹூக் (1632–1723), தாமே தேய்த்த சிறு கண்ணாடி வில்லைகளின் வழியே நீரில் வாழும் நுண்ணுயிர்களையும் இரத்தச் செல்களையும் கண்டு எழுதினார். 1714-இல் தசைநார்களைத் தெளிவாகப் பார்ப்பதற்காகக் குங்குமப்பூச் சாற்றால் நிறமேற்றியதாகவும் அவர் குறித்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைச் சபைகளுள் ஒன்று டெல்ஃப்டில்தான் இருந்தது. அவர் கையில் பழவேற்காட்டுத் துணி புரண்டதா என்பது இங்கு முக்கியமல்ல. இழை எண்ணும் கண்ணும் நிறம் அறியும் கையும் உடைய ஒருவர் திசுவுக்கு நிறமேற்றிப் பார்த்தார் என்பதே கவனிக்கத்தக்கது.

அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்தே திசுவுக்குச் சாயமேற்றுதல் ஒரு முறையாக வளர்ந்தது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் யோசஃப் கெர்லாக் 1858-இல், துணிகளுக்குச் சிவப்பேற்றிய கார்மைன் என்னும் பூச்சிச் சாயத்தை மூளைத் திசுவில் பயன்படுத்தி வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில், மத்திய அமெரிக்காவின் லாக்வுட் மரக் கட்டையிலிருந்து எடுக்கும் ஹீமடாக்சிலின், படிகாரத்தோடு சேர்த்துச் செல்லின் உட்கருவை நீலமாகக் காட்டப் பயன்பட்டது. லாக்வுட்டும் துணிச்சாயமே, அதை நிலைநிறுத்திய படிகாரமும் சோழமண்டலத் துணிக்காரர் பயன்படுத்திய அதே படிகாரமே. இதற்கிடையில், 1856-இல் வில்லியம் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயம் ஒன்றைக் கண்டறிந்தார். 1868-இல் கிரேபும் லீபர்மானும் அலிசரினையே செயற்கையாக உருவாக்கினார்கள். சில பத்தாண்டுகளில் சாயவேர் தோண்டுதலும் அதைச் சார்ந்த வாழ்வும் சோழமண்டலக் கரையில் நலிந்து மறைந்தன. செயற்கைச் சாயத் தொழிற்சாலைகளின் மெத்திலின் நீலமும் மஜந்தாவும் ஜெர்மானிய மருத்துவர்களின் மேசைக்கு வந்து, நரம்புச் செல்களைப் பிரித்துக் காட்டத் தொடங்கின. ஒரு கரையின் பிழைப்பைக் கெடுத்த வேதியியல் இன்னொரு துறைக்குக் கண்ணாக அமைந்தது என்ற இந்த முரணை, அறிவியல் வரலாறு எழுதுவோர் விரிவாக ஆராயாமல் விட்டது பெரும் குறை.

இத்தாலியரான காமிலோ கோல்ஜி 1873-இல் வெள்ளி உப்பைக் கொண்டு நரம்புச் செல்களை அவற்றின் கிளைகளோடு கறுப்பாகக் காட்டினார். ஸ்பெயினின் சான்டியாகோ ராமோன் இ கஹால் அந்த முறையைச் செம்மைப்படுத்தி, மூளை தனித்தனிச் செல்களால் ஆனது என்பதை நிறுவினார். ஆனால் மூளையில் நரம்புச் செல்கள் மட்டும் இல்லை. அவற்றுக்கு இடையிலும் சுற்றிலும் நிற்கும் துணைச் செல்கள் கிளியா என்று பெயர் பெற்றன. அவற்றுள் நட்சத்திர வடிவான ஒருவகையை, 1913-இல் கஹால் தங்க உப்பால் நிறமேற்றிக் காட்டினார். எந்தச் சாயமும் கிளைகளைக் காட்டாததால் வெறும் உருண்டைகளாகத் தெரிந்த எஞ்சிய செல்களை அவர் மூன்றாம் கூறு என்று குறித்து விட்டுவிட்டார். அதற்கு முன்பே, 1899-இல், ஃபிரான்ஸ் நிஸ்ஸல் என்னும் ஜெர்மானிய மருத்துவர் மேகநோய் தாக்கிய மூளைகளில் நீண்ட குச்சி வடிவச் செல்களைக் கண்டிருந்தார். அவை இறந்த திசுவைத் தின்று அகற்றுகின்றன என்றும் அவருக்குத் தோன்றியது.

மூன்றாம் கூற்றைத் திறந்த சாவி துவர்ப்பிலிருந்தே கிடைத்தது. பில்பாவோவில் பிறந்து, மியூனிக்கில் அலோய்ஸ் ஆல்ட்ஸ்ஹைமரிடம் பயின்ற நிக்கோலாஸ் அச்சூக்காரோ, 1911-இல் மூளைச் சீவல்களை முதலில் டானின் கரைசலில் இட்டு, பிறகு அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலில் அமிழ்த்தும் முறையை வெளியிட்டார். சீவலின் புரதத்தில் தங்கிய டானின், வெள்ளி உப்பை நுண்ணிய கறுப்புத் துகள்களாக மாற்றியது. கடுக்காய்த் துணியில் இரும்பு நீர் கறுத்ததை நினைவூட்டும் வினை இது. 37 வயதில், 1918-இல், அச்சூக்காரோ இறந்தார். அவருடைய மாணவரும் நண்பருமான பியோ தெல் ரியோ ஓர்தேகா (1882–1945), அந்த முறையை மாற்றி மாற்றிச் சோதித்து, இறுதியில் டானினை விட்டு வெள்ளிக் கார்பனேட்டுக்கு நகர்ந்து, 1919-இல் நான்கு பகுதிகளாக வெளியிட்ட கட்டுரையில், மூன்றாம் கூற்றின் ஒரு பகுதி முற்றிலும் தனியான ஒரு செல்வகை என்று காட்டினார். அதற்கு அவர் இட்ட பெயர் மைக்ரோகிளியா. மீதிப் பகுதி, நரம்பிழைகளுக்குக் கொழுப்புறை போர்த்தும் ஒலிகோடென்ட்ரோகிளியா என்பதையும் அவர் 1921-க்குள் நிறுவினார்.

மைக்ரோகிளியாவைப் பற்றி ஓர்தேகா கண்டவற்றுள் மிக முக்கியமானது, அவை பிறப்பை ஒட்டிய நாட்களில் நடந்துகொள்ளும் விதம். பிறந்த விலங்குக் குட்டிகளின் மூளையில், அதைப் போர்த்தும் மெல்லுறைக்கு அடியிலும் நரம்பிழைக் கற்றைகளுக்கு அருகிலும், இந்தச் செல்கள் கிளையற்ற உருண்டைகளாகக் கூட்டமாக நின்றன. நாட்கள் செல்லச் செல்ல மூளையெங்கும் பரவி, மெல்லிய முட்கிளைகளை நீட்டி ஓரிடத்தில் நிலைத்தன. மூளையில் காயமோ நோயோ ஏற்பட்டால் அவை கிளைகளை உள்ளிழுத்து மறுபடி உருண்டையாகி, சிதைந்தவற்றை விழுங்கின. ஆகவே நரம்புச் செல்களைத் தரும் கருவின் புறப்படையிலிருந்து இவை பிறக்கவில்லை, இரத்தமும் இணைப்புத் திசுவும் தோன்றும் நடுப்படையிலிருந்து வந்து மூளைக்குள் குடியேறியவை என்று அவர் வாதிட்டார். கண்டுபிடிப்பு வெளியான அடுத்த ஆண்டே கஹாலின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர்தேகா வெளியேற்றப்பட்டார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபின் பாரிசுக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் பியூனஸ் அயர்சுக்கும் அலைந்து, நாடு திரும்பாமலே 1945-இல் இறந்தார். நோபல் பரிசு பெற்ற கஹாலின் புகழ் நிழலில் இவருடைய பெயர் பாடநூல்களில் சிறுத்துப் போனது வருந்தத்தக்கது. மூளையின் மூன்றாம் கூறு என்னும் புதிரை விடுவித்தவர் இவரே.

இவற்றை நோய் எதிர்ப்புச் செல்கள் என்று ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு, இலியா மெச்னிகோவ் 1882-இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் செய்த சோதனை விடை தரும். நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகிவிட்டு மறுநாள் பார்த்தபோது, அலைந்து திரியும் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கி உடலைக் காக்கும் இத்தகைய செல்கள் விழுங்கணுக்கள் எனப்பட்டன. அவை உடலின் பல உறுப்புகளிலும் நிலையாகக் குடியிருக்கின்றன. மூளைக்குள் குடியிருக்கும் விழுங்கணுவே மைக்ரோகிளியா. மூளையின் மொத்தச் செல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வரை இவை இருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது.

அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி மட்டும் தொண்ணூறு ஆண்டுகள் தீராமல் இருந்தது. ஓர்தேகாவுக்கு மாறாக, நரம்புத் திசுவே அவற்றைப் பிறப்பிக்கிறது என்று ஒரு சாரார் சாதித்தனர். சிங்கப்பூரில் லிங் எங்-ஆங், 1970-களின் இறுதியில், எலிக்குட்டிகளின் இரத்தத்தில் நுண்ணிய கரித்துகள்களைச் செலுத்தி, அவற்றை விழுங்கிய வெள்ளணுக்களே மூளையில் உருண்டை வடிவ மைக்ரோகிளியாவாகக் காணப்படுகின்றன என்று காட்ட முயன்றார். 2010-இல் ஃப்ளோரன்ட் ஜின்ஹூவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு வேறோர் இடத்தைச் சுட்டியது. கருவின் தொடக்க நாட்களில், அதன் உடலுக்கு வெளியே ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப் பையில் முதல் இரத்தச் செல்கள் உருவாகின்றன. சுண்டெலியில் எட்டாம் நாளுக்கு முன்பே அங்கே தோன்றும் முன்னோடிச் செல்கள், இரத்த ஓட்டம் தொடங்கியவுடன் மூளைக்குள் சென்று, பிறகு அங்கேயே பெருகித் தம் இனத்தைத் தாமே காத்துக்கொள்கின்றன. எலும்பு மச்சையிலிருந்து வரும் இரத்தச் செல்கள் சாதாரண நிலையில் அவற்றின் இடத்தை நிரப்புவதில்லை. நடுப்படையிலிருந்து வந்து குடியேறியவை என்ற ஓர்தேகாவின் கூற்று உறுதியாயிற்று. அவர் எண்ணியதைவிட மிக முன்னதாகவே அவை வந்துவிட்டன என்பது மட்டும் மாறியது. மனிதக் கருவில் நான்காம், ஐந்தாம் வாரங்களிலேயே இவற்றைக் காண முடிகிறது.

அமைதியான மூளையில் இவை சும்மா இருக்கின்றன என்ற கருத்தும் நெடுங்காலம் நிலவியது. இறந்த திசுவில் ஏற்றிய சாயம் அசைவைக் காட்டாது என்பதே அதற்குக் காரணம். 2005-இல் இரு ஆய்வுக் குழுக்கள், மைக்ரோகிளியா மட்டும் பச்சை ஒளி வீசும்படி மரபணு மாற்றப்பட்ட உயிருள்ள சுண்டெலிகளின் மூளையைப் பார்த்தபோது, அவற்றின் கிளைகள் இடைவிடாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டே இருந்தன. அந்தப் பச்சைப் புரதம் ஒருவகை ஜெல்லி மீனிலிருந்து பெறப்பட்டது. நம் கடலோரத்தில் வலையில் வந்தால் சொறி என்று உதறித் தள்ளப்படும் இனத்தின் தூரத்து உறவினம் அது.

வளரும் மூளையில் இந்தத் தடவலுக்கு என்ன பயன் என்பதுதான் அண்மைக் காலத்தின் பெரிய கண்டறிதல். மூளை தன் தேவைக்கு மேலாகவே நரம்புச் செல்களையும், அவற்றுக்கிடையே செய்தி கடத்தும் சினாப்ஸ் என்னும் சந்திகளையும் உண்டாக்குகிறது. பிறகு, அதிகம் பயன்படாதவற்றை நீக்கி, எஞ்சியவற்றை வலுப்படுத்துகிறது. தானாக மடியும் நரம்புச் செல்களை மைக்ரோகிளியா அகற்றுகிறது என்பது முன்பே தெரியும். 2007-இல் பெத் ஸ்டீவன்ஸும் பென் பாரஸும் அவர்களின் குழுவும், நிரப்புப் புரதங்கள் என்ற பெயரில் இரத்தத்தில் கிருமிகளை அடையாளமிடும் அதே புரதங்கள், வளரும் மூளையில் தேவையற்ற சந்திகளின் மேலும் படிகின்றன என்று காட்டினர்; துணியில் படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்பு பிடிப்பதுபோல, அந்தப் புரதம் படிந்த சந்திகளையே விழுங்கணு பெரிதும் தேர்ந்தெடுக்கிறது. 2011-இல் இத்தாலியில் கார்னீலியஸ் கிராஸின் ஆய்வுக்கூடமும், 2012-இல் பாஸ்டனில் டோரதி ஷேஃபரும் ஸ்டீவன்ஸும், மைக்ரோகிளியாவின் உடலுக்குள் விழுங்கப்பட்ட சந்தித் துணுக்குகளையே கண்டனர். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பாதையில், இரு கண்களின் நரம்பிழைகளும் பிரிந்து தத்தம் இடம் பெறும் நாட்களில்தான் இந்த விழுங்கல் உச்சத்தில் இருந்தது.

இதை மட்டும் வைத்து மைக்ரோகிளியாவை வெட்டும் கத்தரி என்று கொள்வது தவறு. நரம்புச் செல்கள் பிழைக்க உதவும் வளர்ச்சிக் காரணிகளை அவை சுரக்கின்றன. மூளையில் புதிய இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைய வழி செய்கின்றன. கொழுப்புறை போர்த்தும் செல்கள் முதிர்வதற்கும் துணை நிற்கின்றன. நட்சத்திர வடிவக் கிளியாவும் சந்திகளை விழுங்குகிறது என்பது 2013-இல் தெரியவந்தது. மனிதரில் இவற்றின் அவசியத்துக்கு வலுவான சான்று 2019-இல் வெளியாயிற்று: மைக்ரோகிளியா உயிர்வாழத் தேவையான ஏற்பி ஒன்றின் மரபணு இரு பிரதிகளிலும் பழுதுபட்ட ஒரு குழந்தையின் மூளையில் அந்தச் செல்கள் இல்லாதிருந்தன, இரு அரைக்கோளங்களை இணைக்கும் நரம்புக் கற்றையும் உருவாகவில்லை.

பழவேற்காட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் எட்டக்கூடிய சென்னையில், ஐ.ஐ.டி. வளாகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் தரணி என்னும் மனிதக் கருமூளை வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. கருப்பருவத்தின் 14 முதல் 24 வாரங்கள் வரையிலான ஐந்து மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, அவற்றுள் 5,132 சீவல்களின் படங்களை எண்மமாக்கி, உலகின் எந்த ஆய்வாளரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி அது வைத்திருக்கிறது. நிஸ்ஸலின் பெயரால் வழங்கும் சாயமும் ஹீமடாக்சிலினும் அந்தச் சீவல்களில் பயன்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட செல்வகையை மட்டும் சுட்டும் எதிர்ப்புரதச் சாயங்களும் அவற்றோடு சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு நரம்புச் செல்லும் பிறந்த இடத்திலிருந்து தன் அடுக்குக்கு நகரும் அந்த வாரங்களில், அதற்கு முன்பே வந்து குடியேறிய விழுங்கணுக்கள் எந்தப் பகுதியில் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதை இனி முழு மூளையின் பரப்பில் வைத்து ஆராய முடியும். ஆயினும் தரணியின் முதல் மூளை பதினான்காம் வாரத்தினுடையது. மஞ்சட்கருப் பையிலிருந்து அந்தச் செல்கள் மூளைக்குள் நுழையும் நான்காம் வாரத்துக்கும் அதற்கும் இடைப்பட்ட பத்து வாரங்களுக்கு இத்தகைய முழுமையான வரைபடம் இன்னும் வரையப்பட வேண்டியிருக்கிறது.